தண்ணீர் ஏறும் கட்டடத்துக்கு ஒரு மெட்டு

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குச் சின்னவள் அந்த நாற்பத்தெட்டு நொடிகளை முப்பதாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் எதற்காக இந்தப் பாடு படுகிறாள் என்பது வாராவாரம் உடன் வருபவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். நேரில் பார்த்துக்கொள்ளாத ஆறு பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு சவால். எங்கேயும் இல்லாத ஒரு வீடியோ கேமில், எங்கேயும் இல்லாத ஒரு கட்டத்துக்குச் சொந்தமாக இசை அமைக்க வேண்டும். பரிசு கிடையாது, முதலிடம் கடைசியிடம் கிடையாது. மற்ற ஐந்து பேருடையதையும் கேட்டுவிட்டு ஆளுக்கு இரண்டு வரி மனசாரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குழுவை நடத்துகிறவர் தனக்கு 'வாத்து' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். சின்னவளுக்கு அங்கே 'மூன்றாம் மாடி' என்று பெயர். குடியிருப்பது மூன்றாம் மாடி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இந்த வாரம் அவளுக்கு விழுந்த சீட்டு இது: 'வெள்ளத்தில் மூழ்கும் கட்டடம். ஆட்டக்காரர் மாடி மாடியாக ஏறுகிறார். தண்ணீர் பின்னாலேயே ஏறுகிறது. எங்கேயும் நிற்க முடியாது.'

கேமுக்கு இசை போடுவதில் ஒரு தொல்லை உண்டு. பாட்டு என்றால் முடிந்துவிடலாம். இது முடியக் கூடாது. விளையாடுகிறவர் அந்தக் கட்டத்தைத் தாண்ட மூன்று நிமிடமும் ஆகலாம், முப்பது நிமிடமும் ஆகலாம். அதுவரைக்கும் அதே நாற்பத்தெட்டு நொடி சுற்றிச் சுற்றி வர வேண்டும். எங்கே முடிந்தது, எங்கே மறுபடி ஆரம்பித்தது என்று காதுக்குத் தெரியக் கூடாது.

அவளுடையதில் தெரிந்தது. நாற்பத்தேழாவது நொடியில், படிக்கட்டில் ஒரு படியைக் காணாத மாதிரி கால் தடுக்கியது. மெட்டு நன்றாகத்தான் இருந்தது. குட்டையாக இரண்டு வரி, கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் தயங்கி. புதன்கிழமை குளிக்கும்போது தானாக வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் ஒட்டவே இல்லை. டிரம்மை மாற்றிப் பார்த்தாள். வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஹெட்போன் காதை அழுத்தி வலித்ததால் அதைக் கழற்றிவிட்டு லேப்டாப்பிலேயே சத்தமாக ஓட விட்டாள்.

சமையலறையில் தண்ணீர்க் குழாய் நின்றது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படி வரை வந்து நின்றாள்.

"ரொம்ப சத்தமா இருக்காம்மா? குறைக்கட்டுமா?"

"குறைக்க வேண்டாம். இன்னொரு தடவை போடு."

மூன்று மாதமாக இந்தச் சத்தத்தையெல்லாம் 'கொசு மிஷின்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். சின்னவள் ஆச்சரியத்தோடு மறுபடி ஓட விட்டாள். அம்மா கண்ணைத் தாழ்த்தி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள்.

"இது அவன் சீட்டி" என்றாள்.

அந்த வீட்டில் 'அவன்' என்றால் ஒரே ஆள்தான்.

"இல்லம்மா. இது நானாப் போட்டது."

"நீ போட்டது மேல இருக்கற டமடம. அடியில ஓடுதே, அது அவன் சீட்டி. லிஃப்டு வேலைக்குப் போன புதுசுல, ஷாஃப்டுக்குள்ள, அந்த லிஃப்டுக் குழிக்குள்ள இறங்கறப்ப அடிக்கறதுன்னு வீட்டுல அடிச்சுக் காட்டுவான். இருட்டுல ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாது, சீட்டிதான் பேச்சுன்னு சொல்லுவான்."

"உனக்கு அப்படித் தோணுது."

"தோணுதா?" அம்மா சிரிக்கவில்லை. "நான் பெத்தவனோட சீட்டி எனக்குத் தோணத்தான் செய்யும்."

அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். அது வழக்கத்தைவிடப் பலமாகத் திறந்த மாதிரி இருந்தது.

அண்ணன் இந்தக் குடும்பத்தை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகிறது. அப்பாவுக்கு அவசரமாக இருதய அறுவை செய்ய வேண்டியிருந்தது. சம்மதப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டான். அப்பா அறுவை மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில், பத்துப் பேர் பார்க்க, அக்கா அவனிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். 'நீ கையெழுத்துப் போட்டு அப்பாவைக் கொன்னுட்டே.' பதினாறாம் நாள் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அதற்குப் பிறகு அவன் பெயர் எடுத்தால் அக்கா எழுந்து போய்விடுவாள். மற்றவர்கள் எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

சின்னவள் வேலை பார்க்கிற காது பரிசோதனை நிலையத்தில் சனிக்கிழமை அரை நாள். ஆனால் கூட்டம் முழு நாளுக்கு உண்டானது.

பதினோரு மணிக்கு மர அறுவை மில்லில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். சத்தம் புகாத சின்ன அறையில் அவரை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்துவிட்டு, சின்னவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"சத்தம் எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலேன்னா சும்மா இருங்க."

அவர் மும்முரமாக அமுக்கினார். அவள் எதுவும் அனுப்பாதபோதும் அமுக்கினார்.

மைக்கில் சொன்னாள். "நான் இன்னும் சத்தமே அனுப்பலீங்க."

"அப்படியா? எனக்குக் கேட்டுதே."

"எப்படிக் கேட்டிருக்கும்?"

"அடுத்தது எப்ப வரும், எப்ப வரும்னு காத்துக்கிட்டே உக்காந்திருக்கேன் பாருங்க, காதுக்குள்ளேயே வந்துடுது." அவர் சங்கடத்தோடு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "காத்துக்கிட்டு இருக்கறவனுக்கு என்னென்னமோ கேக்கும்மா."

சின்னவளின் விரல் கருவியின் மேல் அப்படியே நின்றது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி. அறுவை அறையின் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, உதட்டைக் குவித்து, வெளியே கேட்டும் கேட்காமலும் அதையே சீட்டியடித்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வரி. திரும்பத் திரும்ப. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கடைசியில் அவளால் தாங்க முடியாமல், 'நிறுத்துண்ணா' என்றாள். நிறுத்திவிட்டான்.

அம்மா சொன்னது சரி. மெட்டு அவனுடையது. குளிக்கும்போது தானாக வந்தது என்று நினைத்தாளே, ஐந்து வருடமாக உள்ளேயே உட்கார்ந்திருந்து, தண்ணீர், மாடி, நிற்க முடியாது என்று எழுதியிருந்த சீட்டைப் பார்த்ததும் எழுந்து வந்திருக்கிறது.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் அறைக்குள் இருந்தவர்.

"இல்லீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்."

இடையில் கிடைத்த நேரத்தில் வாத்துக்கு ஒரு செய்தி அனுப்பினாள். என் மெட்டு என்னுடையது இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது, என்ன செய்யட்டும் என்று. பதில் உடனே வந்தது.

'உரியவர் சரின்னு சொன்னா தாராளமா போடுங்க, அவருக்கும் பங்குன்னு கீழே எழுதிடுங்க. இல்லேன்னா வேற மெட்டு. ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு. இது விளையாட்டுதான், பதறாதீங்க.'

பதறாதீங்க என்று சொல்வது சுலபம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெட்டைக் கேட்க அண்ணனிடம் பேச வேண்டும். அண்ணனிடம் பேச வேண்டுமென்றால், அதற்கு முன்னால் வேறு ஒருத்தியிடம் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அது மெட்டைவிடப் பழைய விஷயம்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர், இருப்பது தனி வீட்டில். பதினான்கு வருடமாக ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட யாராவது வேகமாகப் பேசினால் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். சனிக்கிழமை ஒரு மணி வகுப்பு பரிசோதனை நிலையத்து வழியாகத்தான் என்பதால் தங்கையை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவது வழக்கம். வண்டியை ஓட்டுவது அன்றைக்கு யார் பழக வந்தார்களோ அவர்கள்.

இன்று கணக்கு வாத்தியார். ஐம்பத்திரண்டு வயதில் வண்டி பழக வந்திருப்பவர். ஸ்டியரிங்கை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பது போலப் பிடித்திருந்தார்.

சின்னவள் பின்சீட்டில் ஏறினாள்.

"கண்ணாடியைப் பாருங்க சார். என்னைப் பாக்காதீங்க" என்றாள் அக்கா. "ம், மெதுவா விடுங்க. ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அக்கா, அண்ணன் நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"சார், ரெண்டாவது கியர்."

வாத்தியார் மாற்றினார்.

"எந்த அண்ணன்?" என்றாள் அக்கா.

"நமக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க?"

"எனக்கு ஒருத்தனும் இல்ல. முன்னாடி சைக்கிள் போகுது சார், பாத்து. எதுக்குக் கேக்கறே?"

சின்னவள் மெட்டு விவகாரத்தைச் சொன்னாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அதுக்கென்ன, வேற ஒண்ணு போடு. உலகத்துல மெட்டுக்கா பஞ்சம்? விளையாட்டுதானே."

"விளையாட்டுதான். ஆனா சொந்தமாப் போட்டதுன்னு சொல்லிக் குடுக்கணும். பொய் சொல்லப் பிடிக்கல."

"அப்ப குடுக்காதே."

"அக்கா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இண்டிகேட்டர் போடுங்க சார். வைப்பர் இல்ல, இண்டிகேட்டர்."

வைப்பர் காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று ஒருமுறை துடைத்துவிட்டு நின்றது. வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். யாரிடம் என்று தெரியவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்தப் பேப்பர் முதல்ல என் கைக்குத்தான் வந்துச்சு" என்றாள் சின்னவள்.

அக்கா திரும்பவில்லை.

"அண்ணன் அப்ப கீழே மருந்து வாங்கப் போயிருந்தான். நீ வந்துக்கிட்டு இருந்தே. நர்ஸம்மா என்கிட்டதான் குடுத்தாங்க. உடனே கையெழுத்து வேணும்னாங்க. பேனாவை வச்சுக்கிட்டு நின்னேன். அண்ணன் படியேறி வந்தான். அண்ணா, நீ போடு, எனக்கு முடியாதுன்னு அவன் கையில திணிச்சேன். அவன் படிச்சுக்கூடப் பாக்கல. போட்டான்."

அக்காவின் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் இறங்கின. அவள் பக்கமும் கிளட்ச் உண்டு, பிரேக் உண்டு. வண்டி நடுச்சாலையில் நின்றது. பின்னால் ஹார்ன்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

வாத்தியார் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றார்.

"தெரியும் சார். நான்தான்."

ஹார்ன் சத்தம் கூடியது. அக்கா முன்னால் இருந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணா இறங்கிக்கட்டுமா மேடம்?"

"உங்களுக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு சார். நீங்க இருங்க." பிறகு, பின்சீட்டின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நீ இறங்கு."

"அக்கா..."

"நடந்து போ."

சின்னவள் இறங்கினாள். கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வாத்தியார் முதன்முறையாகச் சரியாக இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். வெயில் உச்சந்தலையில் நின்றது. பாதி வழியில்தான் தன் கைப்பை தோளில் இல்லாததைக் கவனித்தாள். அக்கா வண்டியின் பின்சீட்டிலேயே இருந்தது. நல்ல வேளை, போன் கையில் இருந்தது. ஐந்து முறை எடுத்துப் பார்த்தாள். அக்கா கூப்பிடவில்லை. சொன்னதும் மனசு லேசாகிவிடும் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் நேராகக் கேட்டாள். "அண்ணன் நம்பர் யார்கிட்ட கிடைக்கும்?"

அம்மா அவளுடைய போனைக் கையில் வாங்கி, எங்கேயும் பார்க்காமல், எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பேசறவளுக்கு நம்பர் மறந்துடுமா? நீ வேலைக்குப் போனப்புறம் பேசுவேன்."

"எத்தனை நாளா?"

"அவன் வீட்டை விட்டுப் போன மாசத்துலேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ ஒரு வார்த்தை கேக்கல" என்றாள் அம்மா.

"அம்மா, அன்னிக்கு அந்தப் பேப்பர்..."

"தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி அவன் சொல்லிட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். நீயா வாயைத் திறக்கறியான்னு பாத்துட்டு இருந்தேன்." பச்சைப் பட்டனை அழுத்திவிட்டுப் போனை நீட்டினாள். "அடிக்குது, பிடி."

சின்னவளுக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பின்னணியில் இரும்பு இரும்போடு உரசும் சத்தம்.

"யாரு?"

"நான்தாண்ணா."

இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரிடமோ, 'ஒரு நிமிஷம் நிறுத்துடா' என்றான். அதுவும் நின்றது.

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லண்ணா. அம்மா பக்கத்துலதான் இருக்கா. நல்லா இருக்கா."

"அப்ப சொல்லு."

ஐந்து வருடத்துக்குப் பிறகு பேசுகிற அண்ணனிடம் வீடியோ கேமைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஆரம்பித்தாள். குழு, சீட்டு, தண்ணீர், கட்டடம் என்று தலைகால் இல்லாமல் கொட்டினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"என் சீட்டியை விளையாட்டுல போடறதுக்குப் பர்மிஷன் கேக்கறே. அதானே?"

"ஆமா."

"போட்டுக்கோ. அது என்ன, பட்டாப் போட்ட நிலமா?"

அவன் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அது போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவள் அவசரப்பட்டாள்.

"அக்காகிட்ட சொல்லிட்டேண்ணா. பேப்பர் முதல்ல என் கைக்கு வந்ததை."

சிரிப்பு போய்விட்டது.

"எப்ப?"

"இப்பதான். மத்தியானம்."

"ஏன் சொன்னே?" குரல் உயரவில்லை, ஆனால் கடினமாக இருந்தது. "உன்னை யாரு சொல்லச் சொன்னா? அப்பா போன அன்னிக்கு அவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு. இல்லேன்னா அவ உடைஞ்சு போயிருப்பா. அது நானா இருந்துட்டுப் போறேன்னு கிளம்பி வந்தேன். அவ கோபம் ஒரு ஆளோட போகட்டும்னு. இப்ப நீயும் போய் நிக்கறே. அவளுக்கு யாரு இருக்கா?"

அவன் தன்னைக் காப்பாற்றத்தான் வாய் திறக்கவில்லை என்றுதான் இத்தனை வருடம் சின்னவள் நினைத்திருந்தாள். அக்காவைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

"எனக்கு முடியலண்ணா. அதான்."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. "அழாதே" என்றான். "போட்டதைக் கேக்க வை. என்னத்தைக் கெடுத்து வச்சிருக்கேன்னு பாப்போம்."

போனை லேப்டாப் பக்கத்தில் வைத்து ஓட விட்டாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. நாற்பத்தேழாவது நொடியில் வழக்கம்போலத் தடுக்கியது.

"கீழேர்ந்து பதில் வரல" என்றான் அண்ணன்.

"என்ன பதில்?"

"நான் மேலேர்ந்து ரெண்டு வரி அடிப்பேன். இறங்கறேன், கேக்குதான்னு அர்த்தம். கீழே இருக்கறவன் ஒரு வரி திருப்பி அடிப்பான். கேக்குது, வான்னு. அது வந்தாதான் அடுத்த ஏணிக் கம்பியில கால் வைப்பேன். நீ என்னைய மட்டும் அடிக்க விட்டிருக்கே. திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கான் பாவம், ஒருத்தனும் பதில் சொல்லல. மூச்சு முட்டாம என்ன பண்ணும்?"

"ஆஸ்பத்திரியில நீ அப்படித்தானே அடிச்சே."

பதிலுக்குப் போனுக்குள்ளிருந்து ஒரு சீட்டி வந்தது. குட்டையான ஒரு வரி. கீழிருந்து கிளம்பி, பாதியில் வளைந்து, முடியாமல் மேலே கை நீட்டிக்கொண்டு நின்றது. அது எங்கே விட்டதோ அங்கேதான் முதல் வரி ஆரம்பிக்கும் என்பது சின்னவளுக்கு அந்த நொடியிலேயே கேட்டுவிட்டது. அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"உன் பேரை எப்படிப் போடட்டும்?"

"பேரெல்லாம் வேண்டாம். லிஃப்டு மெக்கானிக்னு போடு. வைக்கிறேன், கூட வேலை பாக்கற பையன் காத்துக்கிட்டு இருக்கான்."

அண்ணன் வைத்துவிட்டான். மறுபடி கூப்பிடு என்றும் சொல்லவில்லை, கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பதில் வரியை எந்த வாத்தியத்துக்குக் கொடுப்பது என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. புல்லாங்குழல் ரொம்பச் சுத்தமாக இருந்தது. வயலின் அழுதது. கடைசியில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல மந்தமாக ஒலித்த ஒரு கிளாரினெட் பொருந்தியது. அதற்கு இடம் விட டிரம்மில் பாதியைத் தூக்கிப் போட்டாள். நாற்பத்தெட்டு நொடி ஐம்பத்தாறு ஆனது. ஓட விட்டாள். ஒரு சுற்று, மூன்று சுற்று, ஏழு சுற்று. எங்கே சேர்ந்தது என்று போட்டவளுக்கே தெரியவில்லை. ஆனால் அமைதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஓட்டம் ஓட்டமாகத்தான் இருந்தது. மேலே ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான், கீழே ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

இடையிடையே அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'மெட்டு: என் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். மற்ற சத்தமெல்லாம் நான்.'

ஆறு பத்துக்கு வாத்தின் இரண்டு வரி வந்தது. 'வெள்ளத்தைவிட, கீழே இருக்கற அந்த ஆள்தான் என்னைத் துரத்தறார். அவரை விட்டுட்டு எப்படி மேலே போறதுன்னு எனக்குக் கால் வரல.'

அதை இரண்டாவது தடவை படிக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

அக்கா. ஒரு கையில் தங்கையின் கைப்பை, இன்னொரு கையில் வண்டிச் சாவி. முகம் கழுவியிருந்தாள், துடைக்கவில்லை. உள்ளே வரச் சொல்லி அம்மா கையைப் பிடித்தாள். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு" என்றாள் தங்கையிடம். "வராண்டாவுல நான் அவனை அப்படிச் சொன்னப்ப, நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா."

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு."

"ஆமா."

"அவன் உன்னைப் பாத்தானா?"

"ஒரே ஒரு தடவை பாத்தான். அப்புறம் கீழே பாத்துக்கிட்டான்."

அக்கா தலையை ஆட்டினாள். கைப்பையைத் தங்கையின் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது விரல் படாமல் கொடுத்தாள்.

"அம்மா, அவன் எங்க வேலை பாக்கறான்? தெரியாதுன்னு சொல்லாதே. இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியாதுன்னு இன்னிக்குப் புரிஞ்சுபோச்சு."

அம்மா மென்று முழுங்கவில்லை. "பாலத்துக்கு அந்தப் பக்கம், புதுசாக் கட்டறாங்களே, இருபது மாடி. ஏழரை வரைக்கும் அங்கதான் இருப்பான்."

"நானும் வரேன்" என்றாள் சின்னவள்.

"வேண்டாம்."

"போய் என்ன பேசப் போறே?" என்றாள் அம்மா.

"தெரியல. திட்டினாலும் திட்டுவேன். அஞ்சு வருஷம் என்னை முட்டாளாக்கி வச்சிருக்கான்." சொல்லிக்கொண்டே இறங்கத் தொடங்கியிருந்தாள். லிஃப்ட் திறந்துதான் இருந்தது. அவள் படியில் போனாள்.

இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே, 'எல்' பலகை மாட்டிய வண்டியில் அக்கா ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பியது, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. மூன்றாவது தடவைதான் நகர்ந்தது. தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் அவள் வீடு, வலப்பக்கம் பாலம். வண்டி இண்டிகேட்டர் எதுவும் போடாமல் அங்கே நின்றது. பின்னால் வந்த வேன் ஹார்ன் அடித்தது.

வண்டி வலப்பக்கம் திரும்பியது.

அம்மா அவசரமாக மேசை மேலிருந்த போனை எடுத்தாள். முதல் இரண்டு எண்ணை அழுத்திவிட்டு நிறுத்தினாள்.

"அவ வரான்னு அவனுக்குச் சொல்லிடட்டுமா?"

சின்னவள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் போய்விட்டது. அங்கே இப்போது யாரும் இல்லை.

"சொல்லாதேம்மா" என்றாள். "சொன்னா அவன் கிளம்பிடுவான்."

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு இருபத்தெட்டு.